வந்தியின் பங்குக் கரை

ஆவணி மூலத் திருவிழாக் காலத்தில் மதுரையம்பதியின் பக்தர் கூட்டம் வைகைக் கரையை ஒட்டிய புட்டுத்தோப்பை நோக்கிச் செல்லும். மீனாட்சியம்மையும் சோமசுந்தரப் பெருமானும் அங்கே எழுந்தருளுவர். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகப்பெருமானும், திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகப் பெருமானும் வந்து விழாவில் கலந்துகொள்வர். மண்வெட்டியும் கூடையும் ஏந்திய கூலியாளாக இறைவன் காட்சி தரும் திருக்கோலத்தை அன்று அடியார்கள் கண்டு கைகூப்புவர்.

ஆண்டுதோறும் இவ்விழா, சுதந்திர தினக் கொடியேற்றம் முடிந்த சில வாரங்களுக்குள் வருகிறது. ஆகஸ்டு 15 அன்று தமிழகத் திருக்கோயில்கள் பலவற்றில் சிறப்பு வழிபாடும் பொது விருந்தும் நடைபெறுகின்றன. தில்லை நடராசப் பெருமான் திருக்கோயில் கோபுரத்திலே மூவண்ணக் கொடி பறக்கிறது. நாட்டின் விழாவும் ஆலயத்தின் விழாவும் இவ்வாறு அடுத்தடுத்து அமைந்திருப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. நாட்டை நேசிப்பவர் நாள்தோறும் செய்ய வேண்டுவது யாது என்னும் வினாவுக்கு, மண் சுமந்த திருவிளையாடல் தெளிவான விடையைத் தருகிறது.

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தின் 64 திருவிளையாடல்களுள் இது 61ஆவது. அரிமர்த்தன பாண்டியன் காலத்தில் வைகை பெருக்கெடுத்துக் கரையை உடைத்தது. நகருக்குள் வெள்ளம் புகும் நிலை ஏற்பட்டது. உடைந்த கரையை அளந்து குடிமக்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்குமாறு மன்னன் ஆணையிட்டான். செல்வர், வறியர் என்ற வேறுபாடு அந்த ஆணையில் இல்லை. ஒவ்வொரு குடிக்கும் ஒரு பங்கு. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தத்தம் பங்கை அடைத்தாக வேண்டும்.

அந்நகரில் பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் மூதாட்டிக்கும் ஒரு பங்கு விழுந்தது. அவளுக்குக் கணவன் இல்லை, பிள்ளையும் இல்லை. மண் சுமக்க உடலில் வலுவும் இல்லை. கூலிக்கு ஆள் தேடியும் கிடைத்தபாடில்லை. ஊரெங்கும் அவரவர் பங்கை அடைப்பதில் முனைந்திருக்கையில் யார்தான் வருவார்? அவள் அரண்மனை வாயிலில் நின்று விலக்குக் கேட்கவில்லை. அண்டை வீட்டார் எப்படியாவது அடைத்துவிடுவர் என்று வாளா இருக்கவும் இல்லை. தன் பங்கு தன்னுடையதே என்று கொண்டு, அதை நிறைவேற்ற ஓர் ஆள் வேண்டுமெனச் சொக்கநாதப் பெருமானை நினைந்து உருகினாள்.

பெருமான் கூலியாளாக வந்தான். உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசி முடித்தான். பிட்டை உண்டான், ஆடினான், பாடினான், உறங்கினான். மற்றவர் பங்குகள் எல்லாம் அடைபட, வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது. காவலர் முறையிட, மன்னன் சினந்து கூலியாளின் முதுகில் பிரம்பால் அடித்தான். அந்த அடி அடித்தவன் முதுகிலும் விழுந்தது. அரசியர், அமைச்சர், காவலர், கரையில் நின்றவர், கருவில் இருந்த உயிர் என எல்லார் மீதும் பட்டது. இறைவன் ஒரு கூடை மண்ணை உடைப்பிலே கொட்டி மறைந்தருள, கரை உயர்ந்தது. வந்தி சிவலோகம் சேர்ந்தாள்.

எவ்வுயிரிலும் இறைவன் உறைகின்றான் என்பதற்குச் சான்றாகவே பெரியோர் இக்கதையைச் சொல்லி வந்தனர். அந்த மெய்ப்பொருளுக்கு உள்ளேயே குடிமக்களுக்குரிய பாடம் ஒன்றும் பொதிந்திருக்கிறது. கரையில் ஆயிரம் பங்குகள் அடைபட்டிருந்தாலும், அடைபடாத ஒரே பங்கின் வழியே வெள்ளம் உட்புகும். புகுந்த வெள்ளம் பங்கை அடைத்தவர் வீடு, அடைக்காதவர் வீடு என்று பார்ப்பதில்லை. ஒரு முதுகில் விழுந்த அடி ஊரார் முதுகில் எல்லாம் விழுந்தது போல, ஒருவர் விட்ட கடமையின் துன்பம் எல்லாரையும் சென்று சேரும். தேசபக்தி என்னும் பெருஞ்சொல் இந்தப் பங்கிலேதான் தொடங்குகிறது.

புராணத்தில் வரும் இந்தப் பங்கு முறை கற்பனையன்று. மழையை நம்பி வாழ்ந்த தமிழக ஊர்களில் குடிமராமத்து என்ற பெயரில் அது நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. மழைக்காலம் தொடங்குமுன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு புறப்படுவர். ஏரியின் வரத்துக் கால்வாயைச் சீர்செய்வர். மதகடியில் படிந்த வண்டலை அள்ளுவர். கரையில் எலி வளையும் நண்டு வளையும் இருந்தால் அடைப்பர். கலங்கலில் முளைத்த செடிகளைக் களைவர். ஓர் ஏரி நிரம்பி வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு பல இடங்களில் ஏரிகள் சங்கிலி போல் அமைந்திருந்தன. ஆகையால் மேல் ஊரார் கலங்கலைப் பேணாவிட்டால் கீழ் ஊராரின் வயல் காயும். கரையைப் பேணாவிட்டால் கீழ் ஊர் வெள்ளத்தில் மூழ்கும். முகம் அறியாத அயலூராரின் சோற்றுக்காகத் தம் ஊர்க் கால்வாயைத் தூர்வாரிய அந்த உழவர்கள், தேசபக்தி என்ற சொல்லைக் கேட்டிராவிட்டாலும் அதன் பொருளை அறிந்திருந்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நீர்நிலைகளின் நிர்வாகம் ஊரின் கையிலிருந்து மெல்ல நழுவியது. மனமுவந்து செய்துவந்த பணி, 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. தவறினால் தண்டம் என்ற நிலை பிறந்தது. கட்டாயத்தால் மட்டும் கரை நிற்கவில்லை. நாளடைவில் வழக்கம் தேய்ந்தது, வரத்துக் கால்வாய்கள் தூர்ந்தன, ஆக்கிரமிப்பும் புகுந்தது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. எந்த அரசாயினும், கரையோரம் வாழ்வோரின் கையும் கருத்தும் சேராமல் இத்தனை ஏரிகளையும் காத்து நிற்பது அரிது.

தனி ஒருவரால் என்ன ஆகும் என்று கேட்போருக்குப் பெரிய புராணம் தண்டியடிகள் நாயனாரைக் காட்டுகிறது. அவர் திருவாரூரில் பிறவியிலேயே கண்ணொளி இழந்தவர். திருக்குளம் இடம் சுருங்கித் தூர்ந்து வருவதை அறிந்து அதைத் தோண்ட முற்பட்டார். குளத்தின் உள்ளே ஒரு கழி, கரையிலே ஒரு கழி நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணைத் தோண்டுவார். தடவிக்கொண்டே ஏறிக் கரையில் கொட்டுவார். ஏளனம் செய்தோர் இருந்தனர், தடுத்தோரும் இருந்தனர். அவர் கூடையைக் கீழே வைக்கவில்லை. திருநாவுக்கரசர் பெருமானும் தாம் சென்ற தலங்களிலெல்லாம் உழவாரப் படையைக் கையில் ஏந்திப் புல்லும் முள்ளும் செதுக்கினார். அடியார் நடக்கும் பாதையைச் செம்மை செய்வதும் வழிபாடே என்று அவர் திருக்கரங்கள் காட்டின.

கைத்தொண்டு ஒரு புறம் என்றால், பொதுப்பொருளில் நேர்மை மறுபுறம். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளை அவை விரிவாகக் கூறுகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனத் தனித்தனிக் குழுக்கள் இருந்தன. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இடப்படலாகாது; அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் இடப்படலாகாது. பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் அதே விலக்கு. ஊர்ப் பணத்துக்குக் கணக்குக் காட்டுவது அத்துணை முதன்மையான அறமாக எண்ணப்பட்டது.

இன்றைய குடும்பங்களுக்கு அந்த விதி தொலைவில் இல்லை. நகை வாங்கும்போது ரசீது வேண்டாம், வரி இல்லாமல் விலையைக் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்கும் குரல், கணக்குக் காட்டாதவரின் குரலே. விழாப் பந்தலின் விளக்கு அலங்காரத்துக்கு மின்கம்பியில் கொக்கி மாட்டும் கை, ஊராரின் பொருளை எடுக்கும் கையே. அம்மனின் பெயரால் எடுத்ததாயினும் அது களவுதான். வீட்டு வரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் உரிய நாளில் செலுத்துவது, திருவிழாக் குழுவின் வரவுசெலவைக் கேட்கும் முன்பே எழுதி ஒட்டுவது, வரிசையில் முந்துவதற்குக் காசு கொடுக்காமல் காத்திருப்பது ஆகியவை சிறு செயல்களாகத் தோன்றலாம். அவை ஒவ்வொன்றும் ஒரு முழக் கரை.

இந்திய அரசியலமைப்பும் குடிமக்களுக்கு அவர்கள் பங்கை அளந்து கொடுத்திருக்கிறது. 1976இல் நிறைவேறிய 42ஆவது திருத்தத்தின் வாயிலாக 51ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதில் பத்து அடிப்படைக் கடமைகள் கூறப்பட்டன. தேசியக் கொடியையும் நாட்டுப்பண்ணையும் மதித்தல், விடுதலைப் போராட்டத்தின் உயரிய நோக்கங்களைப் போற்றுதல், சமயம் மொழி வட்டாரம் ஆகியவற்றைக் கடந்து ஒற்றுமை வளர்த்தல், காடு ஏரி ஆறு உள்ளிட்ட இயற்கையைக் காத்தல், உயிர்களிடம் இரக்கம் காட்டுதல், பொதுச் சொத்தைப் பாதுகாத்தல் முதலியன அவற்றுள் அடங்கும். 2002இல் நிறைவேறிய 86ஆவது திருத்தம் பதினோராவது கடமையைச் சேர்த்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி வாய்ப்பளிப்பது பெற்றோரின் கடமை என்பது அது. கொடியை மதிப்பதும் ஆற்றைக் காப்பதும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனித்தல் தகும். முன்னதை மட்டும் செய்து பின்னதை விட்டவர் தம் பங்கில் பாதியையே அடைத்தவர் ஆகிறார்.

அந்தப் பாதி விட்டுப்போகும் இடங்களுள் புனிதத் தலங்களும் இருப்பதுதான் வருத்தத்துக்குரியது. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களுக்குக் குடிநீர் தருகிறது. பாபநாசத்தில் அதில் நீராடும் பக்தர் பலர், பரிகாரம் என்ற எண்ணத்தில் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டு வருகின்றனர். அத்துணி கல்லிடுக்கில் சிக்கி மட்குகிறது, நீரோட்டத்தைத் தடுக்கிறது, மீனுக்கும் நீராட வருவோர் காலுக்கும் ஆபத்தாகிறது. அதனை அள்ளி எடுக்கத் தொழிலாளர் ஆற்றில் இறங்க வேண்டியிருக்கிறது. ஒருவர் கழித்த பாவத்தை இன்னொருவர் கூடையில் சுமக்கின்றார் என்றால், அந்தப் பாவம் கழிந்ததாகக் கொள்ள இயலுமா? கிரிவலப் பாதையில் வீசப்படும் தண்ணீர்ப் பாட்டில்களுக்கும், அன்னதானத்துக்குப் பின் தெருவெங்கும் பறக்கும் தட்டுகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகை தடை செய்யப்பட்டுள்ளன. கோயிலுக்குப் புறப்படுகையில் தேங்காய் பழத்தோடு ஒரு துணிப்பையையும் எடுத்துச் செல்லும் இல்லத்தரசி, அந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுக்கிறார்.

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை, எச்சில் உமிழவும் கழிவு நீக்கவும் கூடாத இடங்களை வரிசைப்படுத்துகிறது. தீர்த்தமும் தேவர் கோட்டமும் அவ்வரிசையில் உள்ளன. அவற்றோடு, மக்கள் நடக்கும் வழியும் இளைப்பாறும் நிழலும் உள்ளன. பெருவாயின் முள்ளியார் கோயிலையும் தெருவையும் ஒரே மூச்சில் சொன்னார். சந்நிதியில் செருப்பைக் கழற்றி அடக்கத்தோடு நிற்பவர், கோபுர வாயிலைக் கடந்ததும் வெற்றிலை எச்சிலைச் சுவரில் உமிழ்வாராயின், அந்நூலார் கணக்கில் இரண்டும் ஒரே குற்றமே.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழலாம். ஆள்வோரும் அதிகாரிகளும் தம் கடமையைச் செய்யாத இடத்தில், எளிய குடிமக்களை மட்டும் கடமை செய்யச் சொல்வது முறையா என்பது அது. திருவிளையாடல் அதற்கும் இடம் வைத்திருக்கிறது. பிரம்படி மன்னன் முதுகிலும் விழுந்தது. அவன் விலக்குப் பெறவில்லை. ஏதும் இல்லாத கிழவிக்கும் வலுவுள்ள செல்வனுக்கும் ஒரே அளவாகப் பங்கு விதித்தது சரியா என்பதை ஆராயாமல் பிரம்பெடுத்தது ஆட்சியின் பிழை. கடமையைச் செய்த குடிமகனுக்கே ஆட்சியாளரைக் கேள்வி கேட்கும் தகுதி முழுமையாக வாய்க்கிறது. கிராம சபையில் அமர்ந்து ஏரி ஏலத்தின் கணக்கைக் கேட்பதும், குழாய் உடைந்து நீர் வீணாவதைக் கண்டால் புகார் எழுதித் தொடர்ந்து கேட்பதும், தேர்தல் நாளில் பணம் வாங்காமல் வாக்களிப்பதும் தேசபக்தியின் கூறுகளே. கேள்வி கேட்பது நாட்டுக்கு எதிரானது அன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டு அதனை அன்றே கல்லில் பொறித்து வைத்தது.

வந்தியின் கதையில் இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. தன் பங்கை அடைக்க இயலாதவருக்கு யார் துணை? புராணத்தில் இறைவனே வந்தான். இன்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு வந்தி இருக்கிறாள். பிள்ளைகள் வெளியூரில், இவள் தனியே. ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். வங்கிப் படிவம் நிரப்பத் தெரியாது. வாக்குச்சாவடி வரை நடக்க முடியாது. 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைக் கடந்தவர்களும் 40 விழுக்காட்டுக்கு மேல் உடற்குறை உள்ளோரும் வீட்டிலிருந்தே வாக்களிக்க வழி செய்யப்பட்டது. அதற்கும் உரிய காலத்தில் படிவம் கொடுத்தாக வேண்டும். அந்தப் படிவத்தைப் பெற்றுத் தரும் அடுத்த வீட்டு இளைஞன், வந்தியின் பங்குக்கு மண் சுமந்தவன் ஆகிறான்.

குருதிக் கொடையும் அத்தகையது. 18 முதல் 65 வயதுக்கு உட்பட்டவர், எடையும் உடல்நலமும் உரிய அளவில் இருப்பின் குருதி அளிக்கலாம். ஆடவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்டிர் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் அளிக்க மருத்துவ விதி இடம் தருகிறது. அளிக்கும் குருதி எந்தச் சாதிக்காரருக்கு, எந்தச் சமயத்தாருக்கு, எந்த மொழியினருக்குச் செல்லும் என்பது கொடுப்பவருக்குத் தெரியாது. சுவாமி புறப்பாட்டின் நடுவே ஆம்புலன்ஸ் ஒலி கேட்டால், நாதசுரத்தை நிறுத்திப் பல்லக்கை ஓரமாக ஒதுக்கி வழிவிடும் ஊரும் அவ்வாறே செய்கிறது. உள்ளே படுத்திருப்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. யாரென்று அறியாதவரையும் தம்மவர் என்று கொள்வதற்கே நாடு என்று பெயர்.

பிள்ளைகள் இவற்றைப் பாடநூலில் படித்து அறிவதைவிட வீட்டில் பார்த்தே கற்கின்றனர். கொடியேற்று விழாவுக்குச் சட்டையில் கொடி குத்தி அனுப்பும் தந்தை, அன்று மாலை அதே பிள்ளையை முன்னே அமர்த்திச் சிவப்பு விளக்கை மதியாமல் வண்டியோட்டினால், பிள்ளையின் மனத்தில் எது பதியும் என்று சொல்ல வேண்டியதில்லை. விழா முடிந்து தெருவில் கிடக்கும் காகிதக் கொடியைப் பொறுக்கி எடுத்து மரியாதையோடு பத்திரப்படுத்தும் தாயைக் கண்ட பிள்ளைக்குத் தனியே உபதேசம் தேவையில்லை. குழாயை இறுக மூடுவது, குப்பையைப் பிரித்துப் போடுவது, பேருந்தில் நடத்துநர் கவனியாவிட்டாலும் கேட்டுச் சீட்டு வாங்குவது என அந்தக் கல்வி வளரும்.

மண் சுமந்த பெருமான், வந்தியின் பங்குக்குக் கொட்டியது ஒரே ஒரு கூடை மண். கரை முழுவதையும் அவன் ஒருவனே எழுப்பியிருக்க இயலாதா? இயலும். ஆயினும் மற்றப் பங்குகளைக் குடிகளே அடைக்குமாறு விட்டான். வரும் ஆவணி மூலத்தன்று உதிர்ந்த பிட்டைப் பிரசாதமாகப் பெறும் கைகள், அது கூலியாகக் கொடுக்கப்பட்ட பிட்டு என்பதை எண்ணிப் பார்க்கலாம். கூலியை வாங்கிய பின் அடைக்க வேண்டிய பங்கு ஒன்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காத்திருக்கிறது.